ஷத்ரஞ்சின் படித்தரங்கள்: கற்றுக்குட்டி நடுத்தர ஆட்டக்காரனாவது எவ்வாறு?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர்களில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதில் பிள்ளைகள் சதுரங்கப் பலகையைச் சுற்றி அமர்ந்திருக்கும் காட்சி இப்போது புதிதன்று. 2022ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது, தமிழகப் பள்ளிகளில் இவ்விளையாட்டுக்குப் பெரும் ஊக்கம் அளிக்கப்பட்டது. அந்த ஆர்வம் இன்னும் அடங்கவில்லை. பலகை இல்லாத வீட்டிலும் கைபேசியில் ஆட்டம் நடக்கிறது.

மதரஸாவில் கற்பிக்கும் நம்மிடம் பெற்றோர் இரண்டு கேள்விகளைக் கொண்டுவருகின்றனர். முதலாவது, மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா என்பது. இரண்டாவது, சற்று வருத்தத்தோடு கேட்கப்படுவது: “பிள்ளை மூன்று வருடமாக ஓயாமல் ஆடுகிறான், ஆனாலும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறான். ஏன்?”

இவ்விரு கேள்விகளும் வெவ்வேறானவை போலத் தோன்றினும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. காலத்தை விழுங்கிவிட்டுப் பயன் ஏதும் தராத ஆட்டத்தையே நம் அறிஞர்கள் அஞ்சினர். பயனோடு கற்பது எவ்வாறு என்பதையோ, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பக்தாதில் வாழ்ந்த முஸ்லிம் ஆட்ட வல்லுநர்கள் படிப்படியாக வகுத்து எழுதிவைத்தனர். அவ்வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

இந்தியாவிலிருந்து பக்தாதுக்கு

சதுரங்கம் இம்மண்ணில் பிறந்த விளையாட்டு. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையே அதன் பெயருக்குக் காரணம். இங்கிருந்து அது பாரசீகத்துக்குச் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. பாரசீகம் இஸ்லாமிய ஆட்சியின் கீழ் வந்தபின் அரபுகளிடம் ‘ஷத்ரஞ்ச்’ என்று வழங்கலாயிற்று.

காய்களின் பெயர்களை மதரஸா மாணவர் எளிதில் அறிந்துகொள்வர். அரசன் ‘ஷாஹ்’, அமைச்சன் ‘ஃபிர்ஸான்’, யானை ‘ஃபீல்’, சூரத்துல் ஃபீலில் நாம் ஓதும் அதே சொல், குதிரை ‘ஃபரஸ்’, தேர் ‘ருக்’, காலாள் ‘பைதக்’. இன்று ராணி நிற்கும் இடத்தில் அன்று ஃபிர்ஸான் நின்றது. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் அது நகரும். இன்று பிஷப் நிற்கும் இடத்தில் ஃபீல் நின்றது. மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். 64 கட்டங்களுள் ஒரு ஃபீல் எட்டக்கூடியவை எட்டே எட்டு. ஃபிர்ஸானின் இடத்தில் நெடுந்தொலைவு பாயும் ராணி வந்தது ஐரோப்பாவில், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில். ஆகவே ஷத்ரஞ்ச் மெதுவான ஆட்டம். பொறுமை இல்லாதவன் அதில் தேறுவது அரிது.

அறிஞர்கள் இட்ட வேலி

பகடை உருட்டி ஆடும் ‘நர்து’ விளையாட்டை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சதுரங்கமோ நபியவர்களின் காலத்துக்குப் பிறகே அரபுகளிடம் பரவிற்று. எனவே அதனைப் பெயர் சொல்லித் தடுக்கும் அறிவிப்புகள் நபியவர்களைத் தொட்டு உறுதியாகவில்லை என்பது ஹதீஸ் கலை அறிஞர் பலரின் முடிவு.

இதனால் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. ஹனஃபி மத்ஹபின் நூல்கள் இவ்வாட்டத்தை வெறுக்கத்தக்கதாக, மக்ரூஹ் தஹ்ரீமியாகக் கொள்கின்றன. மாலிக்கி, ஹன்பலி அறிஞர்களும் பெரும்பாலும் தடுத்தே உரைத்தனர். ஷாஃபிஈ மத்ஹபிலோ, பகடையின் அதிர்ஷ்டத்துக்கும் சிந்தனையின் உழைப்புக்கும் வேறுபாடு உண்டென்று கண்டு, சில நிபந்தனைகளோடு இதனை ஹராம் என்னும் எல்லைக்கு வெளியே வைத்தனர். தாபியீன்களுள் ஒருவரான ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தவாறே ஆடினார்கள் என்றும் அறிவிக்கப்பட்டுள்ளது.

வட தமிழகத்தின் நம் ஊர்களில் ஹனஃபிகள் மிகுதி; கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் மிகுதி. ஒவ்வொரு குடும்பமும் தன் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடப்பதே முறை. ஆயினும் ஒரு வேலி அனைவருக்கும் பொதுவானது. பந்தயப் பணம் வைத்தால் அது சூதாட்டம். தொழுகையின் நேரம் தவறினால் அது பாவம். வசைமொழியும் பொய்ச் சத்தியமும் கலந்தால் அதில் நன்மையில்லை. இதில் எந்த மத்ஹபிலும் இரண்டாம் பேச்சு இல்லை.

தன் தரத்தை அறிதல்

9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-அத்லீ ஷத்ரஞ்ச் குறித்துத் தனி நூல் இயற்றியவர். ஆட்டக்காரர்களை அவர் ஐந்து படித்தரங்களாகப் பிரித்தார். முதல் தரத்தினர் ‘ஆலியாத்’, அதாவது உயர்ந்தோர். ஒரு காலத்தில் மிகச் சிலரே இத்தரத்தில் இருப்பர். இரண்டாம் தரத்தினர் ‘முதகாரிபாத்’, அதாவது நெருங்கியோர். உயர்ந்தோர் ஒருவரோடு பத்து ஆட்டம் ஆடினால் இரண்டு முதல் நான்கு வரை இவர்கள் வெல்லக்கூடும். இவர்களுக்குக் கீழே இன்னும் மூன்று தரங்கள்.

இத்தரங்களை அளக்க அவர்கள் கையாண்ட முறை எளிது. வல்லவர், ஆட்டம் தொடங்குமுன்பே தம் காய் ஒன்றை எடுத்து வைத்துவிடுவார். வேறுபாடு சிறிதாயின் ஒரு பைதக், மிகுந்தால் ஃபிர்ஸான், அதனினும் மிகுந்தால் குதிரை அல்லது ருக். எந்தக் காயை விட்டுக்கொடுத்தால் ஆட்டம் சமமாக நடக்கிறதோ, அதுவே இருவருக்கும் இடையிலான தூரம். சென்ற ஆண்டு ருக்கைப் பெற்று ஆடியவன் இவ்வாண்டு ஃபிர்ஸானை மட்டும் பெற்றுச் சமமாக நிற்கிறான் என்றால், அவன் முன்னேறியிருக்கிறான். இதில் புகழ்ச்சிக்கோ சலிப்புக்கோ இடமில்லை. பலகையே சாட்சி சொல்லும். இன்று உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970 முதல் கைக்கொண்டுள்ள எலோ புள்ளி முறை செய்யும் வேலையும் ஏறத்தாழ இதுவே.

தொடக்க நிலையில் தேங்கி நிற்கும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் காணும் குறை இங்கேதான் தொடங்குகிறது. தம்மினும் எளியவரையே தேடித் தேடி ஆடி வெல்கின்றனர். வெற்றிகளின் எண்ணிக்கை ஏறுகிறது, தரம் ஏறுவதில்லை.

காய்களின் விலை

அடுத்த படி, எதற்கு எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதை அறிவது. பழைய வல்லுநர்கள் இதனைக் கடைவீதியின் கணக்காகவே கற்பித்தனர். ஷாஹுக்கு விலையில்லை; அது போனால் ஆட்டமே போயிற்று. ருக்கின் விலை ஒரு திர்ஹம். குதிரைக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஃபிர்ஸானுக்கு மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்று மேல். ஃபீலுக்குக் கால் திர்ஹம். நடுவில் நிற்கும் பைதக்குக்கும் கால் திர்ஹம். ஓரத்துப் பைதக்குக்கு அரைக்கால்.

இக்கணக்கைக் கைக்கொண்டவனுக்கு ஒரு குதிரையும் ஒரு ஃபிர்ஸானும் சேர்ந்தால் ஒரு ருக்குக்கு ஈடாகும் என்பது உடனே விளங்கும். குதிரையைக் கொடுத்து ஃபீலை வாங்குபவன் பன்னிரண்டில் ஐந்து பங்கு திர்ஹத்தை இழக்கிறான் என்பதும் விளங்கும். நடுப் பைதக்குக்கும் ஓரப் பைதக்குக்கும் இரு மடங்கு வேறுபாடு வைத்ததில் இன்னொரு பாடமும் அடங்கியுள்ளது: ஒரே காயாயினும், நிற்கும் இடமே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது. கண்ணில் பட்டதை எல்லாம் வெட்டுபவன் கற்றுக்குட்டி. வெட்டுமுன் விலை கேட்பவன் அடுத்த படியில் கால் வைத்துவிட்டான்.

இன்றைய ஆட்டத்தில் சிப்பாய்க்கு ஒன்று, குதிரைக்கும் பிஷப்புக்கும் மூன்று, ரூக்குக்கு ஐந்து, ராணிக்கு ஒன்பது என்று கற்பிக்கின்றனர். எண்கள் மாறின, முறை மாறவில்லை.

தஃபியாவும் மன்ஸூபாவும்

விலையறிந்தபின் இருவகைப் பாடங்கள் உண்டு. ஒன்று ‘தஃபியா’, போருக்குமுன் படையை அணிவகுப்பது. ஷத்ரஞ்சில் இரு படைகளும் மோதுவதற்கு நெடுநேரம் ஆகுமாதலால், முதலில் காய்களை எவ்வடிவில் நிறுத்துவது என்பதை ஆராய்ந்து, அவ்வடிவங்களுக்கு ‘முஜன்னஹ்’ (சிறகுடையது), ‘ஸய்யால்’ (பெருவெள்ளம்) என்றெல்லாம் பெயரிட்டனர். மற்றொன்று ‘மன்ஸூபா’, ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அமைந்த புதிர். பலகையில் சில காய்களே நிற்கும். இத்தரப்பு வெல்லும் வழியைக் காண வேண்டும். இத்தகைய புதிர்களைத் தொகுத்தே நூல்கள் எழுதினர். 1283இல் ஸ்பெயினில் பத்தாம் அல்ஃபோன்ஸோ மன்னர் தொகுப்பித்த விளையாட்டு நூலிலும் முஸ்லிம்களிடமிருந்து பெற்ற புதிர்கள் மிகுதியாக உள்ளன.

இக்கலையின் உச்சம் அபூபக்ர் முஹம்மத் இப்னு யஹ்யா அஸ்-ஸூலீ. அவர் வெறும் ஆட்டக்காரர் அல்லர். வரலாற்றாசிரியர், இலக்கிய அறிஞர், கலீஃபா மக்களின் ஆசிரியர். கலீஃபா அல்-முக்தஃபீயின் அவையில் (902 முதல் 908 வரை) அல்-மாவர்தீ என்பவர் சிறந்த ஆட்டக்காரராகப் போற்றப்பட்டு வந்தார். கலீஃபாவின் ஆதரவும் வெளிப்படையாக அவர் பக்கமே இருந்தது. அவரை அஸ்-ஸூலீ ஐயத்துக்கிடமின்றி வென்றார்.

அஸ்-ஸூலீ தமக்கு முன்னோரான அல்-அத்லீயின் நூலை மேலோட்டமாகப் புகழ்ந்து கடக்கவில்லை. அதன் ஆய்வுகளைப் பலகையில் வைத்துச் சோதித்து, பிழை கண்ட இடங்களைச் சுட்டினார். பிறர் எழுதியதை மனனம் செய்பவனிலிருந்து, அது சரிதானா என்று சோதிப்பவனாக மாறுவதே நடுத்தரத்தைத் தாண்டும் வாயில். அவர் அமைத்த மன்ஸூபா ஒன்றுக்கு, தாம் கற்றுக்கொடுத்தவரன்றி வேறெவரும் விடை காணார் என்று கூறிவைத்தார். அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அவ்வாறே கிடந்து, 20ஆம் நூற்றாண்டில் சோவியத் கிராண்ட்மாஸ்டர் யூரி அவெர்பாஹ் விடை கண்டார்.

அஸ்-ஸூலீயின் மாணவர் அல்-லஜ்லாஜ். இப்பெயருக்குத் ‘திக்கிப் பேசுபவர்’ என்று பொருள். அவர் தஃபியாக்களின் தொடர்ச்சியை விரிவாக ஆராய்ந்து எழுதினார். உஸ்தாதிடம் அமர்ந்து கற்று, பின் தாமே ஆய்ந்து, பிறருக்கு விட்டுச்சென்ற அத்தொடரை இப்னு நதீம் தம் ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் பதிவு செய்துள்ளார்.

மற்றொன்றையும் மறைத்தல் கூடாது. அவைகளில் அவ்வளவு புகழ்பெற்ற அஸ்-ஸூலீ, ஆட்சி மாறியபின் பக்தாதை விட்டகன்று, ஹிஜ்ரி 335இல், கி.பி. 946 வாக்கில், பஸ்ராவில் வறுமையில் மறைந்தார். ஆட்டத் திறமை அவைக்கு அழைத்துச் சென்றது. இறுதிவரை உடன் வரவில்லை. அவர் பெயர் இன்றும் அறிஞரிடையே நிலைப்பதற்கு அவருடைய வரலாற்று நூல்களும் காரணம்.

சுல்தான் கானின் சில மாதங்கள்

பக்தாதின் பாடம் நம் துணைக்கண்டத்தில் மெய்ப்பட்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. பஞ்சாபின் சிற்றூரில் பிறந்த மீர் சுல்தான் கான், சிறு வயதிலேயே தம் தந்தையிடம் இந்திய முறைச் சதுரங்கத்தைக் கற்றார். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். இன்றைய ‘காஸ்லிங்’ அதில் இல்லை. சர் உமர் ஹயாத் கான் என்னும் நிலக்கிழார் அவரைத் தம் ஆதரவில் வைத்து, ஐரோப்பிய விதிகளைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1928இல் சுல்தான் கான் அகில இந்தியப் போட்டியில் வென்றார்.

1929இல் லண்டன் சென்றபோது, அவருக்குப் பயிற்சியாக ஒரு சிறு போட்டி நடத்தப்பட்டது. அதில் அவர் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆட்டத்தின் நடுப்பகுதியிலும் இறுதியிலும் அவருக்கிருந்த ஆற்றல் பெரிது. தொடக்க நகர்வுகளின் அறிவோ மிகக் குறைவு. பழைய சொல்லில் கூறினால், மன்ஸூபாவில் வல்லவர், தஃபியாவில் வறியவர். அப்போட்டியில் தம்மை முந்திய வின்டர், யேட்ஸ் என்னும் இருவரோடுதான் பின்னர் அவர் அமர்ந்து பயின்றார். சில மாதங்களில், அதே ஆண்டின் கோடையில், பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை வென்றார்.

எந்தப் பகுதியில் குறை என்பது தெளிவாயிற்று. அக்குறையைத் தீர்க்கவல்லோரிடமே சென்றார். தம்மை வென்றவரிடம் கற்பதை இழிவாகக் கருதவில்லை. 1932இலும் 1933இலும் அப்பட்டம் மீண்டும் அவருக்கே கிடைத்தது. 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த காப்பபிளாங்காவையும் ஹேஸ்டிங்ஸ் போட்டியில் வென்றார். 1933இன் இறுதியில் தாயகம் திரும்பி, 1966இல் சர்கோதாவில் காலமானார். உலகக் கூட்டமைப்பு அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல்தான்.

அதே நிலக்கிழாரின் இல்லத்தில் பணிபுரிந்த ஃபாத்திமா என்னும் இளம்பெண் 1933இல் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் ஆனார் என்பதையும் நம் பெண்மக்கள் அறிந்திருத்தல் நன்று. 1980இல் மால்டா ஒலிம்பியாடில் தம் பலகைக்கான வெள்ளிப் பதக்கம் வென்ற போபாலின் முஹம்மத் ரஃபீக் கான், தச்சு வேலை செய்து பிழைத்தவர். செல்வமும் பெரும்பள்ளியும் இல்லாதோர்க்கும் இப்படிகள் திறந்தே இருந்தன.

ஒரு தாயின் குறிப்பேடு

தமிழகத்தில் இதே தொடரை வேறு வடிவில் காண்கிறோம். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆன மானுவேல் ஆரோனின் முயற்சியால், 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் உருவாயிற்று. விசுவநாதன் ஆனந்த் சிறுவனாக அங்கே பயின்றார். 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார்.

அதற்கிடையில் அவருடைய குடும்பம் சில காலம் பிலிப்பைன்ஸில் வாழ்ந்தது. அங்கே பகல்நேரத் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி வரும். மகன் பள்ளியில் இருப்பான். தாய் சுசீலா அதன் புதிர்களை எழுதிவைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை காண்பர். மன்ஸூபா, அருகில் அமரும் ஆசிரியர், நாள்தோறும் ஒழுங்கு: பக்தாதின் மூன்று அம்சங்களும் அத்தாயின் குறிப்பேட்டில் இருந்தன.

நம் வீடுகளுக்கு

மூன்றாண்டு ஆடியும் நின்ற இடத்திலேயே நிற்கும் பிள்ளையைப் பற்றி இவ்வரலாறு கூறும் விடை தெளிவானது. ஓர் எழுத்தைத் தவறான மக்ரஜில் நூறு முறை ஓதியவனுக்கு அத்தவறுதான் உறுதிப்படும். உஸ்தாத் நிறுத்தித் திருத்திய இடத்திலேதான் ஓதல் சீராகும். ஆட்டமும் அவ்வாறே. கைபேசியில் மூன்று நிமிட ஆட்டங்களை இரவு முழுதும் அடுக்கடுக்காக ஆடுபவன், தோற்ற ஆட்டத்தை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தம் ஆலிமின் வழிகாட்டலோடு இதனை அனுமதிக்கும் குடும்பங்கள் இவ்வாறு ஒழுங்கு செய்யலாம். வாரத்தில் இரண்டு மூன்று நிதானமான ஆட்டங்கள் போதும். அவற்றுள் ஒன்றாவது தன்னினும் வல்லவரோடு இருக்கட்டும். வீட்டில் மூத்தவர் வல்லவராயின், பழைய முறைப்படி ஒரு காயை விட்டுக்கொடுத்து ஆடட்டும். தோற்ற ஆட்டத்தின் நகர்வுகளை எழுதிவைத்து, எங்கே சறுக்கியது என்று இருவரும் அமர்ந்து காணட்டும். நாளுக்கு ஒரு புதிர், காய்களைத் தொடாமல் மனத்தாலேயே விடை காணுமாறு. ஒவ்வொரு நகர்வுக்கு முன்பும் ‘எதிராளி ஏன் இதைச் செய்தார்?’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், அப்பிள்ளை கற்றுக்குட்டி அல்லன்.

இவற்றுக்கெல்லாம் நாளுக்கு அரைமணி நேரம் மிகுதி. அரைமணியில் அடங்கும் ஆட்டமே பயன் தரும் ஆட்டம் என்பதும், பாங்கு ஒலித்தும் முடியாத ஆட்டம் தரத்தை உயர்த்தாது என்பதும் கவனிக்கத்தக்கவை. தடுத்த அறிஞர்கள் அஞ்சியதும், ஆடிய வல்லுநர்கள் கற்பித்ததும் இவ்விடத்தில் ஒன்றுபடுகின்றன. பாங்கு சொல்லப்பட்டதும், வெல்லும் நிலையிலுள்ள பலகையையும் விட்டு எழும் பிள்ளை, எந்தப் படித்தரத்திலும் எழுதப்படாத ஒரு வெற்றியைப் பெற்றுவிட்டான். அப்பயிற்சியை முதலில் பெரியவர்களாகிய நாம் காட்ட வேண்டும்.

நம் மக்களின் நேரத்திலும் அறிவிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. பயன்தரும் கல்வியை அவர்களுக்கு எளிதாக்கி, பயனற்றதிலிருந்து அவர்களைக் காப்பானாக. ஆமீன்.